செருப்புக்குக் காவல் இருந்தது போதும்!

போன வருடம் என் மகளின் ஸ்கூலில் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று தலைப்புக் கொடுத்து, ஒரு படம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். நாலாவது படிக்கிறவள். சாப்பாட்டு மேஜையில் கிரேயானைப் பரப்பிக்கொண்டு, ஒரு மணி நேரம் தலை நிமிராமல் வரைந்தாள். பெசன்ட் நகர் பீச். நீலமாய்க் கடல். அவள் அப்பா பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நிற்கிறார். அண்ணன் பந்து போடுகிறான். பாட்டி கையில் சுண்டல் பொட்டலம். நடுவில் இரட்டைப் பின்னலோடு அவள்.

“அம்மா எங்கடி?” என்றேன்.

படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு பை. பக்கத்தில் குவியலாகச் செருப்புகள்.

“இங்கதான் நீ உக்காந்திருப்பே. பேப்பர்ல இடம் பத்தலைம்மா. அதான் செருப்பை மட்டும் போட்டேன்.”

அப்போது சிரித்துவிட்டேன். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது சிரிப்பு வரவில்லை. அவள் வரைந்ததில் தப்பே இல்லையே! மாதம் ஒரு தடவையாவது பீச்சுக்குப் போகிறோம். கடைசியாக நான் தண்ணீரில் கால் வைத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை. யாராவது ஒருத்தர் சாமான்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அந்த ‘யாராவது’ எப்போதும் நான்தான். என்னை அப்படி உட்காரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். போய் இறங்கியதும் நானே எல்லார் கையிலிருந்தும் பையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பழக்கம்!

உங்கள் வீட்டில் எப்படி? வெளியூர் போன இடத்தில் எடுத்த போட்டோக்களைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். எத்தனை படத்தில் அம்மா இருக்கிறாள்? இருக்கிற படத்தில் அவள் கையில் என்ன இருக்கிறது? வாட்டர் பாட்டில், ஈரத் துண்டு, யாரோ பாதி கடித்துக் கொடுத்த பிஸ்கட்...

ஞாயிறு யாருக்கு லீவு?

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் ரெண்டு ரகம் உண்டு. ஒன்று மால். இன்னொன்று டூர்.

மால் என்றால் எனக்கு ஒரு வேளை சமையல் மிச்சம். அந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனையோ தடவை ‘சரி’ என்று தலையாட்டியிருக்கிறேன். வெயில் கிடையாது, வேர்வை கிடையாது, பாத்ரூம் சுத்தமாக இருக்கும். வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போகிறவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனால் உள்ளே போனால்? கேம்ஸ் விளையாடுகிற இடத்தில் கார்டைத் தேய்க்கத் தேய்க்க 500 ரூபாய் பத்தே நிமிஷத்தில் காலி. அப்புறம் பாப்கார்ன், பீட்சா, ஐஸ்கிரீம். வீட்டுக்கு வந்து என் கணவர் பில்களைக் கூட்டிப் பார்ப்பார். 2,400, 2,800 என்று வரும். காசை விடுங்கள். திரும்பி வருகிற வழியில், “இன்னிக்கு என்னடா பார்த்தே?” என்று கேட்டால் பையனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. வாங்கினதைச் சொல்வான். வாங்கித் தராமல் விட்டதை இன்னும் நன்றாகச் சொல்வான்!

டூர் ரகம் வேறு மாதிரி. காஞ்சிபுரமோ, மாமல்லபுரமோ, திருவண்ணாமலையோ, விடியற்காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டுமென்றால் நான் மூன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பாட்டிக்குக் காரமில்லாமல் நாலு இட்லி, ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர், இன்னொன்றில் காபி. துண்டு, மாற்று டிரெஸ், மாத்திரை டப்பா, கை துடைக்கப் பழைய வேஷ்டித் துணி. வண்டி தாம்பரம் தாண்டுவதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். “எங்க கிளம்பினாலும் உங்கம்மாவுக்குத் தூக்கம்தான்” என்று இவர் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். ராத்திரி திரும்பி வந்து எல்லாரும் படுக்கையில் விழ, நான் எண்ணெயும் புளியும் காய்ந்து ஒட்டின டப்பாக்களை ஊறப் போட்டுக்கொண்டிருப்பேன்.

இது என் வீட்டுப் புலம்பல் மட்டுமில்லை. ஒரு நாளில் யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண், அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிஷம். வீட்டு வேலை செய்கிற ஆண் 97 நிமிஷம். ‘செய்கிற’ ஆண் என்பதைக் கவனியுங்கள். துரும்பைக்கூட நகர்த்தாதவர்கள் இந்த 97-ல் சேர்த்தியே இல்லை! நமக்கு ஏறக்குறைய அஞ்சு மணி நேரம். அதில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுபடி உண்டா இல்லையா என்பதற்கு எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை.

‘போர் அடிக்குதும்மா!’

அந்தப் படத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகள் வீட்டில் உட்கார்ந்து படம் வரைந்தே ரொம்ப நாளாகியிருந்தது. எப்போதிலிருந்து தெரியுமா? டிராயிங் கிளாஸில் சேர்த்ததிலிருந்து!

மூணு வயசில் சுவர், காலண்டர், பால் கணக்கு நோட்டு என்று கையில் கிடைத்ததிலெல்லாம் கிறுக்கியவள். “குழந்தைக்கு டேலன்ட் இருக்கு, வீணாக்கிடாதே” என்று பக்கத்து ஃபிளாட் மாமி சொன்னார். சனிக்கிழமை கிளாஸில் சேர்த்தேன். அங்கே ஒரு மாதிரிப் படம் கொடுப்பார்கள். ரெண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். அதைப் பார்த்து அப்படியே போட வேண்டும். கோடு தாண்டாமல் கலர் அடித்தால் ஸ்டார். ரெண்டு வருடத்தில் நாலு சர்டிபிகேட் வந்தது. ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியதும் நான்தான். வீட்டில் அவள் பென்சிலைத் தொடுவதே நின்றுபோனதை மட்டும் நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் கேட்டபோது, “இங்க வரைஞ்சா யாரும்மா ஸ்டார் போடுவாங்க?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

கிளாஸே கூடாது என்று சொல்ல மாட்டேன். பாட்டும் நீச்சலும் சொல்லித் தர ஆள் இல்லாமல் வராது. ஆனால் அஞ்சு நாள் ஸ்கூல், சனிக்கிழமை டிராயிங்கும் கீபோர்டும், ஞாயிறு காலை அபாகஸ் என்று ஒரு குழந்தையின் வாரத்தை ரயில்வே கால அட்டவணை மாதிரி நிரப்பி வைத்துவிட்டு, ‘சொந்தமா ஒண்ணும் யோசிக்க மாட்டேங்குறாளே’ என்று கவலைப்படுவது என்ன நியாயம்? யோசிக்க நேரம் எங்கே விட்டோம்?

டிராயிங்கையும் அபாகஸையும் நிறுத்தினேன். கீபோர்டு மட்டும், அவளே கேட்டதால், தொடர்கிறது. முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு ஆரம்பித்தாள், “போர் அடிக்குதும்மா!” பத்தேகாலுக்கு மறுபடியும். பத்தரைக்கு அழுகை. என் செல்போனை எடுத்துக் கொடுத்துத் தொலைக்கலாமா என்று கை பரபரத்தது. கொடுக்கவில்லை. அடுத்த வாரமும் இதே கச்சேரி. மூணாவது வாரம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், சத்தமே காணோம். (குழந்தை இருக்கிற வீட்டில் சத்தமில்லை என்றால் வயிற்றைக் கலக்கும், தெரியும்தானே!) எட்டிப் பார்த்தால், பரணிலிருந்து எடுத்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பரப்பிப் போட்டு, ஒவ்வொன்றிலும் இருக்கிற பிள்ளையாரைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறாள். முப்பது நாற்பது பிள்ளையார் இருக்கும். மத்தியானத்துக்குள் ஷூ டப்பா, தீப்பெட்டி எல்லாம் சேர்ந்து ஓர் ஊரே எழும்பிவிட்டது. பஸ் கண்டக்டர் பிள்ளையார், பூக்காரப் பிள்ளையார், லேட்டாக வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிற ஸ்கூல் பிள்ளையார்! “சாமியைப் போய் வெட்டுவாளா?” என்று ஆரம்பித்த என் மாமியாரே சாயந்திரம், “ஊர்னா மாவு மில் வேணாமாடி?” என்று கேட்டு ஒரு தீப்பெட்டியை நீட்டினார்.

பிரிட்டனில் 2014-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்திருக்கிறேன். கொஞ்சம் பேரை உட்கார வைத்து, டெலிபோன் டைரக்டரியில் இருக்கிற நம்பர்களைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் பேருக்கு அந்தத் தண்டனை இல்லை. அப்புறம் எல்லாரிடமும் ரெண்டு கப்பைக் கொடுத்து, ‘இதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்?’ என்று கேட்டார்கள். நம்பர் எழுதிப் போரடித்துப் போய் வந்தவர்கள்தான் அதிகமான யோசனைகளைச் சொன்னார்கள். பெரியவர்களை வைத்து நடத்தின ஆராய்ச்சி அது. குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்குப் பிள்ளையார் ஊரே போதும்.

குழந்தைகளின் உரிமைகளுக்காக ஐ.நா. சபை 1989-ல் கொண்டுவந்த உடன்படிக்கையில் 31-வது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது. நம் வீட்டுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது!

கண் டாக்டர் கேட்ட கேள்வி

இதற்கிடையில் எட்டாவது படிக்கிற மகனுக்குக் கண்ணாடி பவர் ஒரே வருடத்தில் மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்றேமுக்காலுக்கு ஏறியது. “கேரட் நிறையக் கொடுக்கட்டுமா டாக்டர்?” என்று கேட்டேன். “கொடுங்க, நல்லதுதான். அதுக்காகப் பவர் குறையாது. பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியில, வெளிச்சத்துல இருக்கான்?” என்று திருப்பிக் கேட்டார் கண் டாக்டர். காலையில் வேன் ஏற அஞ்சு நிமிஷம், சாயந்திரம் இறங்கி வர அஞ்சு நிமிஷம். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

சீனாவில் குவாங்சூ என்ற நகரத்தில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒரு பரிசோதனை நடத்தியிருக்கிறார்கள். அதில் பாதிப் பள்ளிகளில், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைத் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். அவ்வளவுதான், வேறு மருந்து மாத்திரை எதுவுமில்லை. மூணு வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் நூற்றுக்குச் சுமார் 40 குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் சுமார் 30. இந்த முடிவு 2015-ல் வெளியானது. பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது, அது கண் நீளவாக்கில் வளர்ந்துவிடாமல் தடுக்கிறது என்பதுதான் இதற்கு நிபுணர்கள் அதிகம் சொல்கிற விளக்கம். ஏற்கெனவே பவர் வந்த கண்ணுக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. என் மகனுக்கு இது கொஞ்சம் லேட். மகளுக்கு லேட் இல்லை.

வெளிச்சம் என்றால் சித்திரை மாதத்து உச்சி வெயில் இல்லை. காலை பத்து மணிக்குள், அல்லது நாலு மணிக்கு மேல். மர நிழலில் இருக்கிற வெளிச்சமே வீட்டு டியூப்லைட்டைப் போல பல மடங்கு. தொப்பியும் தண்ணீரும் இருந்தால் சரி.

ஒரு இடம், ஒரு பை

சண்டை போடாமலே எல்லாம் மாறியது என்று சொன்னால் அது பொய். மகளின் படத்தை இவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “செருப்பை நல்லா வரைஞ்சிருக்கா” என்றார்! அன்றைக்கு ராத்திரி பேசினது கொஞ்சம் சூடான பேச்சுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தயிர் சாதம் கலந்தார். உப்புப் போட மறந்துவிட்டார். ஊறுகாயைக் கூடுதலாகத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். இப்போது தேறிவிட்டார், சாதத்தைப் பாலில் குழைத்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டால் மத்தியானம் வரை புளிக்காது என்கிற விஷயத்தையெல்லாம் எனக்கே சொல்லித் தருகிறார். “ஆம்பளை சாதம் பிசையறான், இவ வேடிக்கை பாக்குறா” என்று மாமியார் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் கொத்தமல்லி பத்தவில்லை என்று அவருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாளில் ஒரே ஓர் இடம் என்று முடிவு செய்தோம். ‘வழியிலேதானே, அந்தக் கோயிலையும் பார்த்துடலாம்’ என்ற பேச்சே கிடையாது. சாப்பாடு ஒரே ஒரு அயிட்டம், இல்லாவிட்டால் போகிற வழியில் ஹோட்டலில் இட்லிப் பொட்டலம். அவரவர் தண்ணீரை அவரவர் தூக்க வேண்டும். போன்கள் பைக்குள். சாமானுக்குக் காவல், முறை வைத்து!

எழும்பூர் மியூசியத்துக்கு முன்னாலும் போயிருக்கிறோம். ஒன்றரை மணி நேரத்தில் அத்தனை கட்டடங்களையும் ஓடி ஓடிப் பார்த்து, கால் வலியோடு திரும்பினோம். கேட்டால் திமிங்கல எலும்புக்கூடு மட்டும் ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை வெண்கலச் சிலைகள் இருக்கிற பகுதிக்கு மட்டும் போனோம். அங்கே திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடான் இந்த மியூசியத்து நடராஜரைப் போட்டோவில் மட்டுமே பார்த்துச் சொக்கிப்போய்க் கட்டுரையே எழுதியிருக்கிறார். என் மகளோ நடராஜரை விட்டுவிட்டுக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தக் குட்டிப் பையனுக்கு முதுகு வலிக்காதாம்மா?” முயலகனைத்தான் கேட்கிறாள்! அவள் நோட்டில் அன்றைக்கு வந்த படம், முயலகன் திரும்பிப் பார்த்து, “கொஞ்சம் காலை எடுங்க சார்” என்று சொல்கிற படம். எந்த கிளாஸில் இதற்கு ஸ்டார் போடுவார்கள்? (மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிறு தாராளமாகப் போகலாம்.)

மழை நாளானால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது. குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது.

ஆனால் என்னை மாற்றின இடம் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து 80 கிலோமீட்டர் இருக்கும். மழை முடிந்து ஏரியில் தண்ணீர் நிற்கிற மார்கழி, தை மாதம் போக வேண்டும். தண்ணீருக்குள்ளேயே நிற்கிற மரங்களில், கிளை தெரியாமல் பறவைகள். மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம்... ஒவ்வொரு மரமும் சந்தை மாதிரி இரைச்சல். பறவை எச்சம் விழுந்து ஏரித் தண்ணீரே உரமாகிறது, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. அதனால் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து சுட்டபோது, அந்தக் காலத்துக் கலெக்டரிடம் போய் முறையிட்டு, சுடக்கூடாது என்று எழுத்து வாங்கினார்களாம். அது நடந்தது 18-ம் நூற்றாண்டின் கடைசியில்!

கரையில் நடந்தோம், கோபுரத்தில் ஏறிப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய நாளாக இருந்தால் ‘சரி, பார்த்தாச்சு, கிளம்பு’ என்று செங்கல்பட்டுக்கோ மதுராந்தகத்துக்கோ வண்டியைத் திருப்பியிருப்போம். அன்றைக்கு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தோம். பையன் கொஞ்ச நேரம் முனகினான். ‘அவ்வளவுதானா?’ என்றான். கல்லை எத்தினான். அப்புறம் ஒரு நாரை வாயில் குச்சியோடு வருவதைப் பார்த்தான். மறுபடி வந்தது. மறுபடி. “அப்பா, அதே நாரைதான்! டைம் பாருங்க!” என்று ஆரம்பித்து, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு குச்சி, பக்கத்துக் கூட்டுக்காரன் எத்தனை தடவை திருடினான் என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. அப்பாவும் பையனும் அவ்வளவு நேரம் படிப்பைப் பற்றிப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பை இவர் தோளில். எடுத்துக் கொடுக்க ஒன்றுமில்லை. யாரையும் அதட்டவும் வேண்டாம். கை சும்மா இருந்து பழக்கமே இல்லாததால் ஒரு மாதிரி தவிப்பாக இருந்தது. மகளின் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்தேன். நேர்ப்புள்ளி ஏழு.

கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. உங்களிடமும் இருந்திருக்கும். அம்மா நோட்டைப் பார்த்துப் போட்டது, எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கியது, நானே கண்டுபிடித்தது என்று 200 பக்கம். மார்கழி மாதம் தெருவில் எங்கள் வாசலுக்கு மவுசு அதிகம். அந்த நோட்டு இப்போது எங்கே என்று தெரியாது. ஃபிளாட்டுக்கு வந்த பிறகு வாசல் என்பது மூணடி டைல்ஸ். அதில் ஸ்டிக்கர் கோலம். நான் அதை ஓர் இழப்பாகவே நினைக்கவில்லை பாருங்கள், அதுதான் வேடிக்கை.

கம்பி கோலத்தில் கோடு ஒரு புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளியையும் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும். விளையாட்டுக் கணக்கா அது? தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களிலேயே நம்மூர்க் கோலங்களை வைத்துக் கம்ப்யூட்டருக்கான இலக்கணம் எழுதி, உலகத்தின் கவனத்தையே இதன் பக்கம் திருப்பினார்கள். ஏரிக்கரையில் எனக்கு ரெண்டு தடவை கோடு சேரவே இல்லை. மூணாவது தடவை சேர்ந்தது. மாமியார் எட்டிப் பார்த்து, “ஓரத்துல ஒரு சுழி விட்டுட்டே” என்றார். அவர் பெரிய கோலக்காரி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கிறோம்!

இப்போது எனக்கென்று ஒரு நோட்டு. அறுபது பக்கம் தாண்டிவிட்டது. பக்கத்து ஃபிளாட் மாமி பார்த்துவிட்டு, “வீடியோ எடுத்துப் போடு, லைக்ஸ் வரும்” என்கிறார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் யாராவது ஸ்டார் போட வேண்டுமா என்ன!

“உனக்கென்ன, உன் வீட்டுக்காரருக்கு ஞாயிறு லீவு, வண்டி இருக்கு” என்று என் தோழி கேட்டாள். ஜவுளிக்கடையில் வேலை. ஞாயிறுதான் அவளுக்கு வியாபாரம் அதிகமான நாள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவள் தன் பையனோடு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மொட்டை மாடிக்குப் போகிறாள். பாய், பொரி, ரெண்டு பேருக்கும் ஒரு மணி நேரம். கீழே எந்த வேலை இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் இறங்குவதில்லை. என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ஒண்ணும் செய்ய மாட்டோம். அவன் பேசுவான், நான் கேப்பேன். சில நாள் ரெண்டு பேரும் பேச மாட்டோம்” என்றாள். வண்டியும் வேடந்தாங்கலும் கட்டாயமில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு அம்மாவை வேலைக்காரியாக இல்லாமல் விட்டுவைப்பதுதான் விஷயம்.

போன மாதம் மறுபடி பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனோம். காவல் முறை இவருக்கு. நான் மகள் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கணுக்கால் அளவுதான், நம் ஊர்க் கடலில் இழுப்பு ஜாஸ்தி, அதற்கு மேல் யாரும் ஆசைப்படக் கூடாது. அலை வந்து திரும்பும்போது காலுக்கடியில் மணல் நழுவிப் போகும் பாருங்கள், உள்ளங்காலில் குறுகுறுவென்று... அப்படி ஒரு சுகம் இருக்கிறதையே மறந்து போயிருந்தேன். “அம்மா, நீ கத்தறே!” என்று மகள் சிரித்தாள். கத்தியிருக்கிறேன் போல.

திரும்பி வந்தால் இவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். தூரத்தில் ஒரு நாய், வாயில் எதையோ கவ்விக்கொண்டு போகிறது. எண்ணிப் பார்த்தோம். அஞ்சு பேர் போனோம். ஒன்பது செருப்புதான் இருந்தது.